உம்மாவின் சுவர் கரைந்த தண்ணீர்

கத்தாரிலிருந்து வந்த என் கார்கோ பெட்டியை ஹோலின் நடுவில் வைத்துப் பிரித்தபோது தங்கச்சி றபீக்காவின் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கம்பளி இல்லை, பால்மா இல்லை, அத்தர் இல்லை. பழைய சாரங்களுக்குள் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் படுக்கவைத்த மாதிரி வைத்திருந்த ஒரு கண்ணாடிக் குழாய்தான் இருந்தது. கூடவே ஒரு சின்ன மோட்டர், மெல்லிய ரப்பர் டியூப்கள், தண்ணீரின் புளிப்பை அளக்கிற ஒரு மீற்றர்.

“இதென்ன காக்கா?”

“கல்சியம் ரியாக்டர்.”

அவளுடைய புருசன் றவூப் மச்சான் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். “ரியாக்டரா? மச்சான், இந்தப் பேரெல்லாம் சத்தமாச் சொல்லாதீங்க. காத்தான்குடி எண்டாலே செக்பொயின்ட்ல நம்மட பேக்க ரெண்டு தரம் திறந்து பாக்கிறானுகள்.”

சிரிப்பதற்குத்தான் சொன்னார். ஆனால் வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

எங்கள் ஊர் வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே வீடு பெண்ணுக்குரியது. வீடு கொடுக்காமல் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. வாப்பாவுக்கு ஏலாவிட்டால் காக்காமார், அதாவது அண்ணன்மார், கடல் கடந்து போய் உழைத்துக் கட்டவேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அந்த வீட்டில் ஏறுவான். ஆகவே பெண்சாதி உள்ளவனுக்குத்தான் எங்கள் ஊரில் வீடு. நானும் ஒரு காலத்தில் ஏறாவூரில் அப்படி ஒரு வீட்டில் ஏறியவன்தான். பிள்ளை இல்லை, நான் கத்தாரில், அவள் இங்கே. போனில் இருக்கிற புருசனோடு எத்தனை காலம் ஒருத்தி குடும்பம் நடத்துவாள்? காதி நீதவானுக்கு முன்னால் பிரிந்துகொண்டோம். அவளில் எனக்குக் கோபமில்லை. பெட்டியோடு போனவன் பெட்டியோடு திரும்பினேன்.

திரும்பி வந்தது, நானே கட்டிய வீட்டுக்கு. உம்மாவின் பழைய கல்வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் றபீக்காவுக்காக என் சம்பளத்தில் எழும்பிய மாடிவீடு. அதில் எனக்குக் கிடைத்தது கிணற்றடிப் பக்கம் உள்ள சாய்ப்பு அறை. அதுவும் நிரந்தரமில்லை. றபீக்காவின் மகள் இர்ஷானாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வீடு மகளுக்குப் போகும், தாயும் தகப்பனும் பின்பக்கம் ஒதுங்குவார்கள். அவர்கள் ஒதுங்கப் போவது என் அறைக்கு. என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். “மேசன் உசனார் அளவெடுக்க வாறாராம், கட்டிலக் கொஞ்சம் நகத்தி வைங்க காக்கா” என்றுதான் சொல்வார்கள்.

நல்லவேளையாக எனக்கு ஒரு வழி இருந்தது. பாசிக்குடாவில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலின் முகாமையாளன் நிலோஜன், நாவற்குடாப் பொடியன். கத்தாரில் ஒரு பெரிய ஹோட்டலின் கடல்நீர்த் தொட்டிகளை நான் பார்த்துக்கொண்டவன் என்று கேள்விப்பட்டு வீடு தேடி வந்தான். வரவேற்புக் கூடத்தில் உயிருள்ள முருகைக்கற்களோடு, பவளப்பாறை என்பார்களே, அவற்றோடு ஒரு தொட்டி வேண்டுமாம். நீச்சல் தெரியாத விருந்தினர்களும் கடலின் அடியைப் பார்க்கவேண்டுமாம்.

“முதல்ல நீங்க ஒண்டு செஞ்சு காட்டுங்க நானா,” என்றான், என்னை அண்ணன் முறை வைத்து. “ஹஜ்ஜுப் பெருநாள் முடிய வந்து பாக்கிறன். எங்கட ஆக்களுக்குப் பிடிச்சுதெண்டா தொட்டியையும் எடுப்பம், பாக்கிறத்துக்கு உங்களையும் எடுப்பம். தங்க அறை இருக்கு, சாப்பாடு இருக்கு.”

அறை இருக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அறுபது வயதுக்குக் கிட்டப் போகிற மனிசன் ஒரு அறைக்காக இப்படிச் சந்தோஷப்படுகிறானே என்று அன்றிரவு என்மீதே எனக்கு எரிச்சலும் வந்தது.

கண்ணாடி வெட்டி ஒட்டுவித்த தொட்டியை ஹோலில் வைக்க றபீக்கா சம்மதித்தாள். பெருநாள் முடியும் வரைக்கும்தான் என்றாள். கடல்நீரை வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து பீப்பாக்களில் கொண்டுவந்தேன். வாவிப் பக்கம் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான், ஆனால் வாவித் தண்ணீர் மழைக்கு ஒரு குணம், வெயிலுக்கு ஒரு குணம். முருகைக்கு அப்படிச் சபல புத்தி ஆகாது. உயிருள்ள முருகைத் துண்டுகளைக் கொழும்பில் அனுமதிப்பத்திரத்தோடு வளர்க்கிற ஒருவரிடமிருந்து ஹோட்டல்காரரே எடுப்பித்துத் தந்தார்கள். விரல் நீளத் துண்டுகள். ஊதா, பச்சை, தேன்நிறம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான சின்ன வாய்கள் பூ மாதிரி விரிந்து மூடும்.

கல் என்கிறோம், ஆனால் அது உயிர். வளரவேண்டுமென்றால் அதற்கு எலும்பு வேண்டும், எலும்புக்குச் சுண்ணாம்பு வேண்டும். கடலில் அது தானாகக் கிடைக்கும். தொட்டியில் நாம்தான் ஊட்டவேண்டும். அதற்குத்தான் அந்தக் குழாய். அதற்குள் செத்த முருகைக்கல்லை உடைத்து நிரப்பி, தொட்டித் தண்ணீரைச் சுற்ற விட்டு, சோடாவுக்கு அடிக்கிற காற்றைக் குமிழி குமிழியாகக் கொடுக்கவேண்டும். தண்ணீர் புளிக்கும். புளித்த தண்ணீர் கல்லைக் கரைக்கும். கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும். செத்ததைக் கரைத்து உயிரோடிருக்கிறதுக்கு ஊட்டுகிற வேலை. இந்த வேலையில் என் கையை மிஞ்ச அந்தக் கத்தார் ஹோட்டலில் ஆளிருக்கவில்லை. இதை நான் பெருமைக்காகவே சொல்கிறேன், என்னிடம் வேறு பெருமை எதுவும் மிச்சமில்லை.

காற்றுச் சிலிண்டர் ஏறாவூரில் சோடா அடிக்கிற கடையொன்றில் கிடைத்தது. அதை ஹோலுக்குள் உருட்டி வந்தபோது றவூப் மச்சான் ஓதத் தொடங்கிவிட்டார்.

“வெடிக்காதா மச்சான்?”

“சோடாப் போத்தல் வெடிக்கிறதா?”

“வெடிக்கும்தானே.”

சிலிண்டருக்கு றபீக்கா பூப்போட்ட ஒரு துணி உறை தைத்துப் போட்டாள்.

இனிக் கல். கத்தாரில் இதற்கென்று கழுவி அடைத்த கல் மூட்டையாக வரும். இங்கே கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்கலாம், ஆனால் வர நாளாகும். கடற்கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பொறுக்கலாமென்றால், முருகைத் துண்டோடு பிடிபட்டவன் எதற்கென்று சொன்னாலும் நம்பமாட்டார்கள், சுண்ணாம்புச் சூளைக்கென்றுதான் வழக்கு எழுதுவார்கள். யோசித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றபோதுதான் முருங்கைமரத்தடியில் கிடந்த குவியல் கண்ணில் பட்டது. உம்மாவின் பழைய வீட்டுக் கல். அந்தக் காலத்து வீடு, முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர். புதுவீடு எழும்பியபோது இடித்துக் குவித்தது அப்படியே கிடந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது. இந்த வீட்டுக்காக நான் கரைந்தது போதும், இனி இந்த வீடு எனக்காகக் கொஞ்சம் கரையட்டும் என்று நினைத்தேன். ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன்.

றபீக்கா குசினி வாசலில் நின்று பார்த்தாள். “அந்தக் கல்ல எடுக்கிறதெண்டா ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாமே காக்கா.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

“யாரிட்டக் கேக்க? உனக்கிட்டயா, உன்ட மகளுக்கிட்டயா, வரப்போற மாப்பிள்ளைக்கிட்டயா? இந்த வளவுல எனக்கெண்டு ஒரு கல்லாவது இரிக்கா, இல்லையா?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு கல்லைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பது குறைச்சல் என்று நினைத்தேன்.

கல்லைச் சுத்தியலால் பாக்களவுத் துண்டுகளாக உடைத்தேன். சாந்தைச் சுரண்டினேன். ஊறவைத்து, உரஞ்சிக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். சில துண்டுகளின் பொந்துகளுக்குள் இலேசான பச்சை இருந்தது. கிணற்றடியில் கிடந்த கல், பாசி பிடித்திருக்கிறது என்று இன்னொரு தரம் கழுவினேன். குழாயில் நிரப்பி, மூடியை இறுக்கி, காற்றைத் திறந்தேன். குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. டியூபின் நுனியிலிருந்து முதல் சொட்டு தொட்டியில் விழுந்தபோது இர்ஷானா கை தட்டினாள்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தக் கொஞ்சக் காலம் நான் சந்தோஷமாக இருந்தேன். முருகைகளின் நுனியில் புது வளர்ச்சி வெள்ளையாக எட்டிப் பார்த்தது. இர்ஷானா தன் வருங்கால மாப்பிள்ளைக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள். றவூப் மச்சான் தன் புடவைக் கடைக்கு வருகிறவர்களைக் கூட்டிவந்து, “இது ரியாக்டர், பயப்படாதீங்க” என்று விளக்கம் சொன்னார். எனக்கு ஹோலில் ஒரு கதிரை நிரந்தரமாகப் போட்டார்கள். சாப்பாடு சாய்ப்பு அறைக்கு வராமல் மேசைக்கு வந்தது. மனிசர் என்னைக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில் விழுந்தவை நத்தைகள். கண்ணாடியில் ஊர்ந்து பாசி தின்னும் சின்ன நத்தைகள், பிடி விட்டு அடியில் கிடந்தன. வயது போயிருக்கும் என்று எடுத்து வீசினேன். மறுகா அவற்றோடு விட்டிருந்த இறால் செத்தது. மறுகா முருகைகள் வாயைத் திறக்கவில்லை. விடிந்து வந்து பார்த்தால் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி மூடிக் கிடந்தன.

உப்பைப் பார்த்தேன், சரி. சூட்டைப் பார்த்தேன், சரி. புளிப்பும் சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது பிள்ளை அழுதால் தாய் என்ன நினைப்பாள்? பசி என்று நினைப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன். குழாயில் காற்றைக் கூட்டினேன். சொட்டு விழுந்த இடத்தில் ஒழுக்காக ஓட விட்டேன். உம்மாவின் சுவரை இன்னும் வேகமாகக் கரைத்து அவற்றின் வாயில் ஊற்றினேன்.

தேன்நிறத்து முருகைதான் முதலில் உரிந்தது. தோல் நூல் நூலாகக் கழன்று மிதந்தது, உள்ளே வெள்ளை எலும்பு தெரிந்தது. பிறகு பச்சை. பிறகு ஊதா. இரவோடிரவாகத் தண்ணீர் மாற்றினேன், மீண்டும் பீப்பா பீப்பாவாகக் கடலைச் சுமந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. யானை வாயில் போன கரும்பு திரும்பி வருமா?

எல்லாம் வெளுத்த பிறகு குழாயைக் கழற்றினேன். கற்களின் மேற்பரப்பு கரைந்து போயிருந்ததால் உள்பக்கம் தெரிந்தது. பாசி என்று நான் நினைத்தது பாசியில்லை. பாசி கழுவினால் போகும். இது பொந்துகளுக்குள் ஊறி இறுகிய நீலப்பச்சை. கையில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். றபீக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கல்லுல என்ன இரிக்கி?”

அவள் ஒரு தரம் பார்த்தாள். “மயில்துத்தம்தானே. நோம்புக்கு முன்ன உம்மா வெள்ளையடிக்கிற நேரம் சுண்ணாம்புக்குள்ள கரைச்சுப் போடுவாவே, கறையானும் பூச்சியும் அண்டக்கூடாதெண்டு. வருசா வருசம் அடிச்சு அடிச்சுச் சுவருக்குள்ள ஊறியிரிக்கும்.” பிறகு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “மறந்திட்டீங்களா காக்கா? கடைக்குப் போய் வாங்கிட்டு வாறது நீங்கதானே. கையெல்லாம் நீலமாக்கிட்டு வருவீங்க.”

மயில்துத்தம் என்றால் செம்பு. செம்பு என்றால் முருகைக்கு நஞ்சு. கத்தாரில் தொட்டிப் பக்கம் யாரும் செம்பு மோதிரத்தோடு வரக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான். பித்தளைக் குழாய் பூட்டினான் என்று ஒரு பிலிப்பீனோக்காரனை எல்லாருக்கும் முன்னால் ஏசியவன் நான். அங்கே கட்டிலில் கிடந்து உம்மாவின் பழைய வீட்டை ஒவ்வொரு சுவராக நினைத்து நினைத்துத்தான் அத்தனை வருசத்தையும் ஓட்டினேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த ஓடு ஒழுகும், எல்லாம் நினைவிருந்தது. என் கையால் வாங்கி வந்த நீலக் கட்டி மட்டும் நினைவில் இல்லை.

“ஏன் முதல்ல சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“நீங்க கேக்கல்லையே,” என்றாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. வெங்காயத்துக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் உரிக்கத் தொடங்கினாள்.

நிலோஜன் சொன்னபடியே பெருநாள் முடிய வந்தான். நான் நடந்ததை அப்படியே சொல்லி, இன்னொரு தவணை கேட்பதென்று தீர்மானித்திருந்தேன். புதுத் துண்டுகள் எடுப்பித்து, கொழும்புக் கல் போட்டு, முதலிலிருந்து தொடங்கலாம். அதைச் சொல்ல வாயெடுக்குமுன் அவன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். சுத்தமான தண்ணீர், விளக்கு வெளிச்சம், நடுவில் வெள்ளை வெளேரென்று முருகை.

“நானா,” என்றான், “என்ன வடிவு! இதைத்தான் நான் மனசுக்குள்ள நினைச்சன். சும்மா பால் மாதிரிக் கிடக்கு.”

“தம்பி, இது செத்துப்போச்சு.”

“என்னது?”

“முருகை. உயிர் இல்ல. வெறும் எலும்பு. உயிரோட இரிந்தா நிறம் இரிக்கும்.”

அவன் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தான். நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவனுடைய முகம் தெளிந்துகொண்டே போனது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

“அப்ப இந்தக் குழாய், சிலிண்டர் எல்லாம் இதுக்குத் தேவையா?”

“செத்ததுக்கு எதுக்குச் சாப்பாடு?”

“அப்ப இன்னும் நல்லதுதானே நானா! விருந்தாளிகள் வெள்ளையத்தான் விரும்புவாங்க. நாலு மீனை விட்டாக் காணும்.” கொஞ்சம் யோசித்தான். “இத நெடுகப் பாத்துக்கொள்ள ஆள் வேணுமா? இல்லாட்டி எங்கட அறை துடைக்கிற ரூம்பாயே பாத்துக்கொள்ளுவானா?”

இங்கேதான் நான் தடுமாறினேன். வேணும் என்று சொல்லவேண்டியதுதான். உப்பு, சூடு, பாசி என்று வாயில் வந்ததைச் சொன்னால் அவனுக்கு என்ன தெரியப்போகிறது? வேணும் தம்பி, கட்டாயம் ஒரு ஆள் வேணும். ஒரே ஒரு பொய். அதற்குள் என் அறை இருந்தது, கட்டில் இருந்தது, மிச்ச ஆயுள் இருந்தது. தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய், ஒரு மூச்சு பிந்திவிட்டது.

அந்த ஒரு மூச்சுக்குள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து றபீக்காவின் குரல் வந்தது. “ஒருத்தரும் தேவையில்ல தம்பி. காக்காட வேல அவ்வளவு சுத்தம். இடைக்கிடைக்குத் தண்ணிய மாத்தினாச் சரி. யோசிக்காம எடுத்திட்டுப் போங்க.”

எனக்கு உதவி செய்யத்தான் சொன்னாள். காக்காவின் தொட்டி விற்காமல் போய்விடுமோ என்று பதறித்தான் சொன்னாள். நிலோஜன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மறுநாள் ஹோட்டல் லொறி வந்தது. தொட்டியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். குழாயையும் சிலிண்டரையும் தொடவில்லை. றபீக்கா தொட்டி இருந்த இடத்தைக் கூட்டித் துடைத்து, ஒரு தரம் சுற்றிப் பார்த்து, “அல்ஹம்துலில்லாஹ், ஹோல் வெளிச்சமாப் போயிற்று” என்றாள். கலியாண மேடைக்கு அந்த மூலைதான் பொருத்தம் என்று இர்ஷானாவிடம் காட்டினாள்.

பின்னேரம் மேசன் உசனார் வந்தார். என் அறையை நீட்டுவதற்கு அத்திவாரம் வெட்டியிருந்தார், நிரப்பக் கல் போதவில்லை என்றார். முருங்கைமரத்தடிக் குவியல் முழுவதையும் அள்ளிப் போட்டுவிட்டு, “இன்னும் ஏதும் துண்டு துணுக்கு இரிக்கா?” என்று கேட்டார். குழாயைத் திறந்து கவிழ்த்தேன். நீலம் ஊறிய கற்கள் சலசலவென்று குழிக்குள் விழுந்தன. இனி அதற்குமேல் கட்டுகிற சுவரைக் கறையான் தொடாது, அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்லமுடியும்.

றபீக்கா தேத்தண்ணியோடு வந்தாள். கழற்றிச் சாய்த்து வைத்திருந்த என் கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் உண்மையான அன்பு இருந்தது.

“மறுகா எப்ப பாசிக்குடாவுக்கு வேலைக்குப் போறீங்க காக்கா?”